அய்யாதுரையின் விரால்

நாரணாபுரத்துப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் 1961இல் ஓர் அறை வெடித்தது. அடுத்த அறையில் மருந்து கலந்துகொண்டிருந்த அய்யாதுரை கீறல்கூட இல்லாமல் பிழைத்தான். காது இரண்டும் போய்விட்டன. "கொஞ்சம் அடைப்பு. சரியாப் போச்சு" என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டான். செவிடனை மருந்தறையில் எந்தக் கம்பெனி வைத்துக்கொள்ளும் என்ற பயம் பாதி, வறட்டுக் கௌரவம் பாதி. யார் எது பேசினாலும் தலையாட்டி, "சரி" என்பான். அந்த ஒரு சொல்லை வைத்தே ஒரு வருசத்தை ஓட்டிவிட்டான். அடுத்தவன் பேச்சை ஊர் அவ்வளவு அக்கறையாகத்தான் கேட்கிறது.

வீட்டில் அது செல்லவில்லை. ஒரு மாலை வள்ளித்தாய், "பிள்ளைக்கு மேலெல்லாம் கொதிக்குது, வைத்தியரைக் கூட்டியாங்க" என்றாள். மனைவியின் உதடு அசைவது தெரிந்தது; "சரி" என்று சொல்லிவிட்டுத் துண்டை விரித்துப் படுத்தான். விடிந்து மகளைத் தொட்ட பிறகுதான் காய்ச்சல் என்பதே அவனுக்குத் தெரிந்தது. அதற்குள் பக்கத்து வீட்டார் வைத்தியரை அழைத்து வந்திருந்தார்கள். பிள்ளை பிழைத்தது. வள்ளித்தாய் அவளைத் தூக்கிக்கொண்டு மேலத்தெருவில் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்கு விரால் குழம்பு தெம்பு தரும், விராலோடு போய் நின்றால் வள்ளித்தாய் மனம் இளகுவாள் என்று கணக்குப் போட்டான். வாயால் சொல்ல வேண்டியதை மீனை விட்டுச் சொல்லப் பார்த்தான், பாவி.

அவனுக்குத் தூண்டில் பிடித்தே பழக்கமில்லை. விரால் மூச்சு வாங்க மேலே வரும்போது 'களுக்' என்று சத்தம் கேட்கும். அந்த இடத்தில் இரையைப் போட வேண்டும். கண்மாய்க் கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த சங்கிலிமுத்து, "ஏலே, அந்தா சத்தம் வந்துச்சுல்ல, அங்கன போடு" என்றான். "சரி" என்று அய்யாதுரை நேர் எதிர்ப்பக்கம் வீசினான். சங்கிலிமுத்து சிரித்தது கண்ணுக்குத் தெரிந்தது. மறுநாளிலிருந்து அய்யாதுரை கண்மாயின் ஆளில்லாத தென்கோடிக்குப் போய்விட்டான்.

அங்கே கண்ணால் கற்றான். ஆம்பல் இலை காற்றில்லாமல் ஆடினால் அடியில் விரால். நூலை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டு தவளைக்குஞ்சை இலையோரம் விடுவான். கவ்வியதுமே இழுத்தால் தவளை மட்டும் திரும்பி வரும்; விழுங்கும்வரை விட்டுப் பிடிக்க வேண்டும். இது புரிய இரண்டு மாதம் ஆனது. கண்மாயில் அவனோடு பேச யாருமில்லை, அதனால் நடிக்க வேண்டியதும் இல்லை. ஆனாலும் பொழுது சாயும்போது வெறும் வீட்டை நினைத்து அழுகை வரும். தன் அழுகைச் சத்தமும் அவனுக்குக் கேட்காது.

பங்குனியில் தண்ணீர் வற்றிய ஒரு காலையில் முழங்கை நீள விரால் விழுந்தது. பானையில் தண்ணீரோடு அதை விட்டு, கண்மாயிலிருந்து நேரே மேலத்தெருவுக்கு நடந்தான். வழியில் பெண்கள் விலகி நின்று முறைத்தார்கள். மாமியார் வீட்டு வாசல்நிலையில் வேப்பங்குழை கட்டியிருந்ததைப் பார்த்ததும்தான் அவனுக்குப் புரிந்தது. முதல் நாள் சாயங்காலம் தெருத்தெருவாகத் தப்படித்து அறிவித்து, அம்மனுக்குப் பங்குனிப் பொங்கல் சாட்டியிருக்கிறார்கள். சாட்டிவிட்டால் பொங்கல் முடியும்வரை எந்த வீட்டிலும் மீன், கறி என்று கவிச்சி நுழையக் கூடாது.

வள்ளித்தாய் வெளியே வந்து பானையைப் பார்த்தாள்.

"சாட்டுன ஊருக்குள்ள மீனோட வந்து நிக்கீகளே, நேத்துத் தப்படிச்சது கேக்கலையா?"

அவள் உதடு அசைந்து நின்றது. 'சரி' அவன் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தான். பானையைத் தெருவில் இறக்கி வைத்தான்.

"நீ சொன்னது எனக்குக் கேக்கல, வள்ளித்தாயி. அன்னைக்குப் பிள்ளையப் பத்திச் சொன்னியே, அதுவும் கேக்கல. ரெண்டு காதும் போச்சு."

"எம்புட்டு நாளா?" என்றாள் அவள்.

அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். வள்ளித்தாய் படியிறங்கி வந்து அவன் கையை எடுத்துத் தன் தொண்டைமேல் வைத்துக்கொண்டு, அதையே இன்னொரு தரம் மெதுவாகக் கேட்டாள்.