சமையலறைச் சுவரில் வெள்ளைச் செங்கல்

எங்கள் சந்தில் ஒரு வீட்டுக் கதவு சாத்தியிருந்தால் மற்றவர்கள் கடந்து போய்விடுவார்கள். சாய்யுன் மட்டும் நின்று, "உள்ள என்ன நடக்குது?" என்று கேட்பாள். வாத்துக் கடைக்காரி உப்பு நீரில் என்ன போடுகிறாள், மூன்றாவது வீட்டு மருமகள் ஏன் இரண்டு நாளாகத் தலை சீவவில்லை, ஆற்றில் போகிற சுற்றுலாப் படகின் விளக்கு ஏன் சிவப்பாகவே இருக்கிறது என்று எல்லாம் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். நான்ஜிங் நகரத்தின் தெற்கு வாசலை ஒட்டிய இந்தச் சந்துக்கு யிச்சுனிலிருந்து மணமகளாக வந்து இறங்கிய அன்றே, மாப்பிள்ளை வீட்டுக் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தவள் அவள்.

"என்ன தேடற?" என்று மாமியார் கேட்டாளாம்.

"ஒண்ணும் தேடலை. என்ன இருக்குன்னு பார்த்தேன்."

அன்று தொடங்கியது. சாகும் வரை மாமியார் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே இல்லை. "வெளியூர்க்காரி" என்றுதான் சொன்னாள். குழம்பில் மிளகாய் கூடினால், "அந்த ஊர்க் காட்டு நாக்கு" என்பாள். சாய்யுன் சிரித்துக்கொண்டே பரிமாறிவிட்டு, பிறகு கிணற்றடிக்குப் போய் முகம் கழுவுவாள். கழுவ வேண்டிய அளவுக்கு முகத்தில் என்ன இருந்தது என்று யாரும் கேட்டதில்லை. கேட்கிற பழக்கம் அந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் இருந்தது.

இப்படிப்பட்டவளுக்கு ஒரே ஒரு கேள்விக்குத்தான் பல ஆண்டுகளாக விடை கிடைக்காமல் இருந்தது. அந்தக் கேள்வி அவள் வீட்டுச் சமையலறைச் சுவரில் இருந்தது.

புத்தாண்டுக்கு முன்னால் எல்லோரும் வீட்டைத் துடைத்துச் சுத்தம் செய்வார்கள். அவள் கணவன் பாவ்கென் துடைப்பத்தைத் தொடக்கூட மாட்டான். நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன், உட்கார்ந்தே பழகியவன். ஆனால் சமையலறையின் வடக்குச் சுவருக்கு மட்டும் அவனே சுண்ணாம்பு கரைப்பான், கதவைத் தாழிட்டுக்கொண்டு அவனே பூசுவான். ஆண்டுக்கு ஒரு பூச்சு. சுவர் தடித்துத் தடித்து, ஜன்னல் சட்டம் உள்ளே புதைந்து போய்விட்டது.

"மத்த மூணு சுவரும் கரி பிடிச்சுக் கிடக்கு. அதுக்கு ஒரு கை பூசக் கூடாதா?"

"அதுக்கு அவசியமில்ல."

"அப்ப இதுக்கு என்ன அவசியம்?"

"மிளகா, அடுப்பைப் பாரு." அவளை அவன் கூப்பிடுகிற செல்லப் பெயர் அது.

இன்னொன்றும் அவளை அரித்தது. புத்தாண்டின் முதல் மாதம் பதினாறாம் நாள், அறுநூறு ஆண்டுப் பழைய நகர மதில்மேல் ஊரே ஏறும். குழந்தை, கிழவி, காதலர்கள் என்று யாரும் பாக்கி இருக்க மாட்டார்கள். அந்த ஆண்டு நோய்நொடி வராது என்று நம்பிக்கை. பிறந்ததிலிருந்து மதிலின் நிழலில் வாழ்கிற பாவ்கென் ஒரு தடவைகூட ஏறியதில்லை. பேருந்தைத் தெற்கு வாசலுக்குள் நுழைத்துத் திருப்பும்போதுகூட அண்ணாந்து பார்க்க மாட்டான் என்று நடத்துநர்கள் கேலி செய்வார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழிக் குளிரில் அந்தச் சுவர் தானாகவே வாய் திறந்தது.

பாவ்கென் தெருமுனையில் இருக்கிற பொது வெந்நீர்க் குளியலறைக்குப் போயிருந்தான். போனால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் வருவான். சாய்யுன் பெரிய பாத்திரத்தில் வாத்துச் சாறு கொதிக்க வைத்திருந்தாள். மூடியைத் திறந்ததும் ஆவி முழுவதும் வடக்குச் சுவரில் போய் மோதியது. எங்கோ கீறல் விழுகிற சத்தம் கேட்டது. அடுத்த நொடி, பலகை மாதிரிச் சுண்ணாம்பு பெயர்ந்து அரிசிப் பானை மேல் விழுந்தது.

உள்ளே இருந்தது சந்து வீடுகளின் சாம்பல் நிறச் செங்கல் அல்ல. வெள்ளைச் செங்கல். முழங்கை நீளம் இருந்தது, வீட்டுக்குப் பயன்படுத்துகிற கல்லே இல்லை, மதிலில் இருக்கிற கல். அதன் பக்கவாட்டில் எழுத்துகள் பொறித்திருந்தன. ஈரத்துணியால் துடைத்தாள். கடைசியில் இருந்த ஆள் பெயர் தேய்ந்து போயிருந்தது. மேலே இருந்த இரண்டு வரிகள் மட்டும் தெளிவாகத் தெரிந்தன: யுவான்ஜோ வட்டாரம், யிச்சுன் மாவட்டம்.

யிச்சுன்!

அவள் ஊர். பீங்கானுக்குப் போகிற வெள்ளைக் களிமண் ஊர். மழை பெய்தால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கால் முட்டி வரை மாவு பூசினது போல ஆகுமே, அதே மண். அவள் விரலை அந்த எழுத்தின் பள்ளத்துக்குள் வைத்தாள். வெளியூர்க்காரி என்று பேர் வாங்கிய வீட்டில், அவளுக்கு அறுநூறு ஆண்டு முன்பே படகேறி வந்து காத்திருந்த ஒரு துண்டு மண்! அடுப்படியில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். சாறு பொங்கி அடுப்பு அணைந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

குளித்துச் சிவந்த முகத்தோடு பாவ்கென் உள்ளே வந்தான். சுவரைப் பார்த்தான். முகத்திலிருந்த சிவப்பு எங்கே போயிற்றோ!

"யார் பார்த்தாங்க?"

"நான் பார்த்தேன். கிழவா, இது மதில் செங்கல்."

"கத்தாத!" ஓடிப் போய் ஜன்னலைச் சாத்தினான். "கத்தாத மிளகா. உன் காலைப் பிடிக்கறேன்."

அவன் அப்படிக் கெஞ்சி அவள் கேட்டதே இல்லை. அறுபது ஆண்டாக நெஞ்சில் அடைத்திருந்ததை அவன் அன்று துண்டு துண்டாகச் சொன்னான். அவன் சின்னப் பையனாக இருந்தபோது நகரத்து மதிலைப் பல இடங்களில் இடித்தார்கள். செங்கல் குன்று குன்றாகக் கிடந்தது. அப்போது அவர்கள் வீட்டுக்கு வடக்குச் சுவரே கிடையாது, நாணல் பாய்தான். அப்பா யோங்ஃபு காவடித் தடியில் செங்கல் கட்டித் தூக்கிவந்தார். எழுதப் படிக்கத் தெரியாத மனிதர். எழுத்து இருந்த பக்கத்தை உள்ளே திருப்பிக் கட்டினார். சில செங்கல்லில் இரண்டு பக்கமும் எழுத்து இருந்தது. அதைச் சுண்ணாம்பால் மூடினார்.

"அப்பா எங்கிட்ட சொன்னார். 'இதுல பேர் போட்டிருக்குடா. பேர்க்காரன் கேட்டு வந்தா அப்பாவைப் பிடிச்சுட்டுப் போயிடுவாங்க. வாயைத் திறக்காத.' நான் திறக்கலை. அவர் செத்த பிறகும் திறக்கலை. என் அப்பனைத் திருடன்னு ஒருத்தன் சொல்லிடக் கூடாது."

அதோடு முடியவில்லை. எங்கள் சந்தைப் புதுப்பிக்கப் போவதாக ஏற்கெனவே அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். மதில் அலுவலகத்துக்காரர்கள் வீடு வீடாக வந்து, மதிலைப் பழுதுபார்க்கப் பழைய மதில் செங்கல் இருந்தால் திரும்ப வாங்கிக்கொள்வார்கள் என்றும் அதில் போட்டிருந்தது. பாவ்கென் பரணிலிருந்து உளியும் சுத்தியலும் எடுத்தான்.

"என்ன பண்ணப் போற?"

"எழுத்தையெல்லாம் கொத்திடறேன். கொத்த முடியாததை உடைச்சு ஆத்துல போட்டுடறேன்."

சாய்யுன் எழுந்தாள். சுவரில் முதுகைச் சாய்த்து இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

"முதல்ல என் மேல வை அந்த உளியை. உங்கம்மா என்னை வெளியூர்க்காரின்னு சொன்னப்பெல்லாம் இந்தச் சுவர் கேட்டுக்கிட்டுத்தானே இருந்துச்சு? எங்க ஊர்க் கல்லு! எங்கூடப் பிறந்த கல்லு! இதை உடைச்சா நானும் இன்னிக்கே ரயிலேறிடுவேன்."

உளி கீழே விழுந்தது. ஆனால் அவன் மனம் மாறவில்லை. "நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டான். பேருந்து ஓட்டியவன், நிறுத்தத்தில் நின்றால் திரும்பக் கிளம்புவான் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் காலை காய்கறிக் கூடையோடு நேராக மதில் அலுவலகத்துக்குப் போனாள். மேசையில் இளம்பெண் ஒருத்தி. பெயர் ஃபாங். எள் ரொட்டி தின்றுகொண்டிருந்தாள்.

"பாப்பா, எங்க பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தர்... அவர் வீட்டுச் சுவர்ல..."

"பக்கத்து வீட்டுக்காரரா?" என்று கேட்ட ஃபாங் அவள் முடியில் ஒட்டியிருந்த சுண்ணாம்புத் தூளைப் பார்த்தாள். "உக்காருங்கம்மா. பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன பயம்?"

எல்லாவற்றையும் கேட்ட பிறகு ஃபாங் சொன்னாள், "நாங்க யாரையும் எப்படி வந்துச்சுன்னு கேக்கறதில்லம்மா. கொடுத்தா வாங்கிக்கறோம், நன்றின்னு ஒரு தாள் தர்றோம். அவ்வளவுதான். நான் வந்து அவர்கிட்டயே சொல்லட்டுமா?"

"ஐயோ! சீருடையைப் பார்த்தாலே பின்வாசல் வழியா ஓடிடுவார்." சாய்யுன் யோசித்தாள். அவளுக்கு யோசனை வந்தால் மூக்கு நுனி சிவக்கும். "நீ எங்க சித்தப்பா பேத்தி. யிச்சுன்லேர்ந்து வந்திருக்க. சாப்பிட வா. மெதுவாப் பேச்சை எடுக்கலாம்."

மதியம் ஃபாங் சாதாரண சட்டையில் வந்தாள். "பெரியப்பா, நல்லாருக்கீங்களா?" என்றாள். பாவ்கெனுக்கு மனைவி வழி உறவு என்றாலே கொஞ்சம் பயம். பெயர்ந்த இடத்தை நாள்காட்டித் தாளால் மறைத்துவிட்டு, மரியாதையாக நாற்காலி இழுத்துப் போட்டான்.

இங்கேதான் சாய்யுன் ஒரு தப்புச் செய்தாள். ஊர்ப்பெண் வந்திருக்கிறாள் என்று காட்டுவதற்காக ஊர்ச் சமையலே செய்துவிட்டாள். பன்றி இறைச்சியைவிடப் பச்சை மிளகாய் அதிகம். ஃபாங் ஒரு வாய் வைத்தாள். கண்ணில் நீர் கொட்டியது. இரண்டாவது வாயில் இருமல் வந்தது. மூன்றாவது வாய்க்குப் பதிலாக ஒரு குவளைத் தண்ணீரை முழுவதும் குடித்தாள்.

பாவ்கென் கரண்டியைக் கீழே வைத்தான்.

"எங்க வீட்டுக்காரி ஊர்ல பால்குடி பிள்ளையே மிளகா கடிக்கும். நீ எங்க வீட்டு உறவு இல்ல. யாரும்மா நீ?"

ஃபாங் மூக்கைத் துடைத்துக்கொண்டே, "நான் மதில் அலுவலகம், பெரியப்பா. சுத்தமான நான்ஜிங் முள்ளங்கி" என்றாள். நான்ஜிங்காரர்களுக்கு ஊரார் வைத்த பட்டப்பெயர் அது.

அவன் எழுந்து ஓடுவான் என்று சாய்யுன் கதவைப் பார்த்தாள். அவன் ஓடவில்லை. சுவரருகே போய் நாள்காட்டித் தாளைக் கிழித்து எடுத்தான். தண்டனைக்கு நிற்கிற பையன் மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டான்.

"கேட்டுடறேன். எங்கப்பா திருடனா?"

அந்த வயதில் ஒரு மனிதனின் குரல் அவ்வளவு சின்னதாக வெளிவரும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

ஃபாங் அருகில் போனாள். "எங்க தாத்தா வீட்டுப் பன்றிக்கொட்டில் முழுக்க மதில் செங்கல்தான், பெரியப்பா. நகரமே மதிலை இடிச்சுக் குவிச்சுது. குளிர்ல கிடந்தவங்க எடுத்தாங்க. அது திருட்டுன்னா பாதி நான்ஜிங்கைப் பிடிச்சு உள்ள போடணும். எங்க தாத்தாவை முதல்ல."

"அப்ப... அந்தப் பேர்க்காரன்? கேட்டு வர மாட்டானா?"

"அது சொந்தக்காரன் பேர் இல்ல. செஞ்சவன் பேர். கல்லு நொறுங்கினா யாரை உதைக்கறதுன்னு அந்தக் கால அதிகாரிங்க எழுத வெச்சது." வெள்ளைச் செங்கல்லை விரல் முட்டியால் தட்டினாள். மணி மாதிரி ஒலித்தது. "பாருங்க, கீறல்கூட இல்ல. இவனை யாரும் உதைச்சிருக்க மாட்டாங்க."

பாவ்கென் சிரிக்கத்தான் ஆரம்பித்தான். பாதியில் அது வேறு எதுவாகவோ மாறிவிட்டது. சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு, "அப்பா, அப்பா" என்று அழுதான். சாய்யுன் அவன் முதுகைத் தடவினாள். கேட்பதற்கு அவளிடம் அப்போது எந்தக் கேள்வியும் இல்லை.

புத்தாண்டுக்கு முந்தின வாரம் ஆட்கள் வந்து சுவரைப் பிரித்தார்கள். சந்து முழுவதும் வேடிக்கை பார்த்தோம். உள்பக்கம் திருப்பியிருந்த எழுத்துகள் ஒவ்வொன்றாக வெயிலுக்கு வந்தன. ஹூபெய் மாகாணத்துக் கல், அன்ஹுய் மாகாணத்துக் கல், ஆற்றின் மேல்புறம் பெயர்கூடக் கேட்டிராத ஊர்க் கல். "அட, இந்தச் சுவர்ல ஒரு நான்ஜிங்காரன்கூட இல்லியே!" என்று வாத்துக் கடைக்காரி கத்தினாள். சாய்யுன் இடுப்பில் கைவைத்து நின்று, ஒவ்வொரு கல்லையும் எந்த ஊர் என்று கேட்டுக் கேட்டு வண்டிக்கு அனுப்பினாள். யிச்சுன் கல் வந்தபோது மட்டும் கேட்கவில்லை. மடியில் வைத்துத் துடைத்தாள்.

"அதை மட்டும் வீட்ல வெச்சுக்கணும்னு இருக்கா, பெரியம்மா?" என்றாள் ஃபாங்.

"இருக்கு. ஆனா அடுப்புக்குப் பின்னால நின்னது போதும். வெளியில நின்னு ஊரைப் பார்க்கட்டும்." அவளே தூக்கிக் கொடுத்தாள்.

வண்டி நிறைந்தது. சுவர் இருந்த இடத்தில் மறைப்புக்குக் கட்டிய தார்ப்பாய் காற்றில் படபடத்தது. ஃபாங் நன்றித் தாளை விரித்துப் பேனாவைத் திறந்தாள்.

"யார் பேருக்கு எழுதட்டும்? பெரியப்பா பேரா, பெரியம்மா பேரா?"

"எம்பேர் எதுக்கு?" என்றாள் சாய்யுன். "கல்லே எங்க ஊரு."

பாவ்கென் தொண்டையைக் கனைத்தான். சந்தின் கடைசி வீடு வரை கேட்கும்படி, நிறுத்தத்தின் பெயரைக் கூவுகிற நடத்துநர் மாதிரி, சொன்னான்:

"சூ யோங்ஃபு. எங்கப்பா. இந்தக் கல்லையெல்லாம் தூக்கிட்டு வந்தவர். நல்லாப் பெரிய எழுத்துல எழுதும்மா."