பாப்பா படமும் ஒரு முழ ஒயரும்

போன வாரம் என் மகள் எங்கிருந்தோ ஒரு பழைய பிலிம் கேமராவை வாங்கிக்கொண்டு வந்தாள். போனில் எத்தனை படம் வேண்டுமானாலும் எடுக்கிற காலத்தில் இது எதற்கு என்று நான் கேட்கவில்லை. "அப்பா, இதுக்கு ஒரு கேபிள் ரிலீஸ் வாங்கணும். எது நல்லா உழைக்கும்?" என்று அவள்தான் கேட்டாள். பிள்ளைகள் கேட்பதில் பாதிக்கு எனக்குப் பதில் தெரியாது. இதற்குத் தெரியும். என் தாய்மாமா செய்த ஒரு தவறினால் தெரியும்.

கேபிள் ரிலீஸ் என்றால் ஒரு முழ நீள ஒயர். ஒரு முனையைக் கேமராவின் பித்தானில் திருகி மாட்ட வேண்டும். மறுமுனையைக் கட்டைவிரலால் அமுக்கினால், உள்ளே இருக்கும் ஊசி அந்தப் பக்கம் வெளியே வந்து பித்தானை அழுத்தும். கை கேமராவில் படாது. அதனால் கேமரா ஆடாது. வெளிச்சம் குறைந்த இடத்தில் ஷட்டர் கொஞ்ச நேரம் திறந்தே இருக்க வேண்டும், அந்த நேரத்தில் கேமரா துளி அசைந்தாலும் படம் கலங்கிப்போகும். அதற்காகத்தான் இந்த ஒயர்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது நாங்கள் ஓசூரை அடுத்த ஜூஜுவாடியில் இருந்தோம். அப்பா வெளிநாட்டில் கட்டட வேலையில் இருந்தார். என் தங்கை மாதம் நிறைவதற்கு முன்னாலேயே பிறந்துவிட்டாள். மாமாவின் உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவுதான் இருந்தாள். பாப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த பெரியம்மா, வெயில் படக்கூடாது, பிளாஷ் வெளிச்சமும் கண்ணில் படக்கூடாது என்று சட்டம் போட்டிருந்தார். எங்கள் வீட்டிலோ ஒரே ஒரு ஜன்னல்.

அப்பா பாப்பாவின் படத்தைக் கேட்டுக் கேட்டுச் சலித்து, கடைசியில், படம் வராவிட்டால் வேலையை விட்டுவிட்டுக் கிளம்பி வந்துவிடுவேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவரோடு வேலை செய்கிற ஊத்தங்கரைக்காரர் ஒருவர் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை விமானம் ஏறப்போகிறார். அவர் கையில் படத்தைக் கொடுத்துவிட வேண்டும்.

மாமா ஓசூரில் மொபெட் செய்கிற ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தார். வெளியிலிருந்து வரும் கிளட்ச் ஒயர், பிரேக் ஒயர் எல்லாம் அவர் இழுத்துப் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் உள்ளே போகும். ஆசைக்கு ஒரு பழைய கேமராவும் ஸ்டாண்டும் வைத்திருந்தார். ஒயர்தான் இல்லை. ஷிப்ட் முடிந்ததும் என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கேமரா கடைக்குப் போனார்.

கடைக்கார பாய் கண்ணாடி மேஜைமேல் சில ஒயர்களைப் போட்டார். மாமா ஒவ்வொன்றையும் இரண்டு முனையிலும் பிடித்து இழுத்தார். மடக்கினார். முறுக்கினார். காதருகே கொண்டுபோய்க் கேட்டார். துணி சுற்றிய ஒயர் ஒன்று அவர் விரலில் துவண்டு தொங்கியது.

"என்னா பாய் இது, வெந்த சேமியா மாதிரி இருக்குது?"

"சார், இது வண்டிக்கு மாட்டறது இல்ல. இப்பிடி இழுத்தா நாளைக்கு நான் கடைய மூடிட்டுப் போவ வேண்டியதுதான்."

"ஒயர்னா ஒயருதான் பாய். எங்க கம்பெனில இதெல்லாம் ரிஜெக்ட்."

கடைசியில் இரும்புச் சுருள் போட்ட தடிமனான ஒன்றை எடுத்தார். பிடித்தால் விறைப்பாக நின்றது. "பாத்தியா மாப்ள, இதான் சரக்கு" என்றார். பாய் என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். உலகத்திலேயே ஒயரைப் பற்றி அதிகம் தெரிந்தவர் என் மாமா என்ற பெருமை எனக்கு.

வீட்டில் ஜன்னலோரம் தலையணை போட்டுப் பாப்பாவைப் படுக்கவைத்தோம். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"இதான்க்கா நேரம். ஆடாம கெடக்குது, எடுத்துடறேன்" என்றார் மாமா.

"வேணாம். முழிக்கட்டும்."

"முழிச்சா கையக் கால ஆட்டுமேக்கா."

"கண்ணு தொறந்திருக்கணும்டா" என்றாள் அம்மா. எதற்கும் பிடிவாதம் பிடிக்காதவள் இதற்கு ஏன் பிடிக்கிறாள் என்று மாமா பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பாப்பா விழித்தாள். எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. எவர்சில்வர் மூடி ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துச் சுவரில் ஒளி விழவைத்தேன். பாப்பா அதையே பார்த்தபடி அப்படியே அசையாமல் கிடந்தாள். மாமா ஒயரை அமுக்கினார். ரோல் தீரும்வரை இப்படியே எடுத்தோம்.

படம் கழுவி வந்தது செவ்வாய்க்கிழமை. ஒன்றுகூடத் தேறவில்லை. எல்லாப் படத்திலும் பாப்பாவுக்கு இரண்டு மூக்கு. கண் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஏதோ தீற்றல். அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள்.

"ஹைவேல லாரி போறது நிக்குதாக்கா? தரையே அதிருது. போதாததுக்குப் பாப்பா வேற ஆடிடுச்சு" என்றார் மாமா.

"பாப்பா ஆடுச்சு, சரி. பின்னால இருக்கற காலண்டருமாடா கைகால ஆட்டுச்சு?" என்றார் பெரியம்மா.

உண்மைதான். காலண்டரும் இரண்டாகத்தான் தெரிந்தது. மாமா கேமராவை ஸ்டாண்டில் மாட்டி, வெறுமனே ஒயரை அமுக்கிக் காட்டினார். அம்மா அடுப்படியில் இருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். தூளியில் கட்டிய கயிற்றின் மறுமுனை அவள் கையில் இருந்தது. சமைத்துக்கொண்டே பாப்பாவை ஆட்டுவாள்.

"டேய், இங்க பாரு. கயித்த இழுத்துப் புடிச்சா என் கை ஆடறது தூளிக்குப் போவுது. தளத்தி விட்டா நான் என்னா செஞ்சாலும் தூளி ஆடாது. உன்னோட ஒயரு வெறச்சிக்கிட்டு நிக்குதுல்ல, உன் கை ஆடறதெல்லாம் கேமராவுக்குத்தான் போவுது."

மாமா ஒயரைப் பார்த்தார், தூளியைப் பார்த்தார். கிளட்ச் ஒயர் இழுப்பதற்கு, அதற்கு விறைப்பு வேண்டும். இது தள்ளுவதற்கு. இதற்குத் துவளத்தான் தெரிய வேண்டும். கம்பெனியில் தினமும் சரியாகச் செய்த சோதனையை இங்கே செய்து, சரியான ஒயரைக் கழித்துப் போட்டிருக்கிறார். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நானும் ஓடினேன்.

"அந்த வெந்த சேமியாவக் குடுங்க பாய்" என்றார் கடையில்.

பாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு பெட்டியைத் திறந்தார். "இன்னிக்கு இழுக்கலியா சார்?"

மாமா இழுக்கவில்லை. ஒயரை வளையமாகச் சுருட்டி வைத்து அமுக்கிப் பார்த்தார். சுருண்டிருந்தாலும் ஊசி நேராக வெளியே வர வேண்டும், விரலை எடுத்ததும் சட்டென்று உள்ளே போக வேண்டும். ஒன்றில் ஊசி திரும்பப் போகத் தயங்கியது, அதை ஒதுக்கினார். இன்னொன்றைக் கேமராவில் திருகியபோது மரை சரியாகப் பிடிக்காமல் ஆடியது, அதையும் ஒதுக்கினார். மூன்றாவதில் எல்லாம் சரியாக இருந்தது. என் மகளுக்கு நான் சொன்னதும் இவ்வளவுதான்.

மறுநாள் காலை ஒயர் தளர்ந்து தொங்க, மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினார். நான் மூடியைப் பிடித்தேன். பாப்பா ஒளியைப் பார்த்தாள். வியாழக்கிழமை சாயந்திரம் மாமா கவரோடு வந்தார். அம்மா முதல் படத்தை உருவினாள்.

இரண்டு கண்களும் அகலத் திறந்திருந்தன. கருவிழி ஒவ்வொன்றிலும் குட்டியாக எங்கள் ஜன்னல் தெரிந்தது. காலண்டரில் தேதிகூடப் படிக்க முடிந்தது. "அப்பாடா" என்று மாமா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பெரியம்மா அடுப்பில் பால் வைத்திருந்ததையே மறந்துவிட்டார், அது பொங்கி வழிந்தது, யாரும் திட்டவில்லை. படம் அன்றைக்கே ஊத்தங்கரைக்காரர் கைக்குப் போனது. அப்பாவும் வேலையை விடவில்லை.

ஒயர் சரியாக அமைந்ததால்தான் எல்லோருக்கும் இவ்வளவு சந்தோஷம் என்று நான் நினைத்தேன். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தங்கைக்கு முன்னால், எனக்கு விவரம் தெரியாத வயதில், எங்கள் வீட்டில் இன்னொரு பாப்பா பிறந்து, சில நாட்களே இருந்தது என்பது பெரியவனான பிறகுதான் எனக்குத் தெரியும். அப்போதும் அப்பா வெளிநாட்டில். அவர் மனம் உடைந்துபோவார் என்று பயந்து, பாப்பா தூங்குகிறது என்று சொல்லி, இறந்த பிறகு எடுத்த படத்தைத்தான் அனுப்பியிருந்தார்கள். அதில் கண்கள் மூடியிருந்தன.

தங்கை பிறந்ததிலிருந்து நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மா என்னை அவள் பக்கத்தில் உட்காரவைப்பாள். "வயிறு ஏறி எறங்குதா, பாத்துக்கிட்டே இரு" என்பாள். அது ஏதோ ஒரு விளையாட்டு என்று நானும் பார்ப்பேன். அந்த வியாழக்கிழமை வழக்கம்போல் நான் போய் உட்கார்ந்தபோது, அம்மா படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, "போதும்டா, வெளிய போயி வெளயாடு" என்றாள்.

நான் ஒரே ஓட்டமாக ஓடிவிட்டேன்.