விஜயதசமியன்று முதல் கட்டை

திண்டிவனத்து மர மில்லில் வட்ட ரம்பம் என் தம்பியின் மூன்று விரல்களை எடுத்தது. வேலை தாமதமாகிறது என்று ரம்பத்தின் இரும்பு மூடியைக் கழற்றிப் போட்டவர் முதலாளி. "அவன் பராக்கு பாத்துக்கினு இருந்தான்" என்று ஊரெல்லாம் சொன்னவரும் அவரே.

சென்ற விஜயதசமி, வியாழக்கிழமை. பூஜை முடிந்து ரம்பம் சுழன்றதும் எல்லார் முன்னிலையிலும் கேட்டேன்.

"மொத கட்டைய நீங்களே தள்ளுங்க மொதலாளி. பராக்கு பாக்காம தள்ளுனா ஒண்ணும் ஆவாதுல்ல?"

அவர் கை போகட்டும் என்றுதான் கேட்டேன்.

கட்டையைத் தொட்டவர் ரம்பத்தைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார்.

"மெஷின நிறுத்துடா! அந்த மூடிய ஜல்தியா எடுத்தாந்து மாட்டு!"

மாட்டி முடிக்க ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

அவரை மன்னித்துவிடலாமோ என்று அதுவரை எப்போதாவது நினைத்ததுண்டு. அதன் பிறகு நினைத்ததில்லை.