லைட்டக்காவும் சம்பந்தி வீட்டுச் சுவரும்

சிலர் சுவருக்குள் வாழ்கிறார்கள். சிலர் சுவரில் முட்டிக்கொள்கிறார்கள். கல்யாணமான ஆண்களில் பலர் சுவரோடு பேசுகிறார்கள். ஆனால் சுவரை நம்பிப் பிழைத்தவர் அந்தத் தெருவிலேயே ஒருவர்தான். அவர் லைட்டக்கா.

பெற்றோர் வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டையில் மட்டும் குடியிருந்தது. மற்றபடி ஊருக்கெல்லாம் லைட்டக்கா. வண்டிகளுக்கு முன்விளக்கு மாற்றும் கடை அவருடையது. அதற்கு முன்னால் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தார். லென்ஸை மாட்டிவிட்டு, “இப்ப தெரியுதுங்களா?” என்று கேட்டால், வந்தவர்கள் முகதாட்சண்யத்துக்காக “நல்லாத் தெரியுது” என்பார்கள், சொல்லிவிட்டு வெளியே போகும்போது கதவில் இடித்துக்கொள்வார்கள். “மனுஷன் பொய் சொல்வான், சுவர் சொல்லாது” என்று ஒருநாள் அந்த வேலைக்குக் கும்பிடு போட்டுவிட்டு, மனிதக் கண்ணிலிருந்து வண்டிக் கண்ணுக்கு மாறினார். அடக்கம் என்ற குணம் அவருக்கு அப்போதும் கிடையாது, பிற்பாடும் வரவில்லை. வேலை தெரிந்தவருக்கு அது ஒரு கூடுதல் பாரம் என்பது அவர் கொள்கை.

அவர் சொன்ன சுவர், கடைக்கு நேர் எதிரே, தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த வீட்டின் பக்கவாட்டுச் சுவர். ஜன்னல் கிடையாது, கதவு கிடையாது. மொட்டை வெள்ளைச் சுவர். அதில் குறுக்கே கறுப்பு பெயின்டில் ஒரு கோடு. கடைக்குள் நிற்கிற வண்டியின் விளக்கைப் போட்டால், வெளிச்சம் அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்க வேண்டும். மேலே ஏறினால் எதிரே வருகிறவர் கண் போச்சு.

இங்கே ஒரு சிறிய விஞ்ஞானம் அவசியம். லைட்டக்கா மாட்டுகிற ஹெச்.ஐ.டி. பல்பில் இழை கிடையாது. உள்ளே அடைத்த வாயுவில் மின்சாரம் பாய்ந்து, முதலில் நீலமாகத் தயங்கி, பிறகு பளீரென்று வெளுத்து எரியும். அவ்வளவு வெளிச்சத்தைச் சாதாரண பல்புக்காகச் செய்த கூட்டில் சும்மா செருகினால், அது மரத்து உச்சி, மாடி வீட்டு மொட்டைத் தலை, எதிர் வண்டிக்காரர் கருவிழி என்று எல்லாரையும் நலம் விசாரிக்கக் கிளம்பிவிடும். அதனால் லைட்டக்கா முன்விளக்கை முழுசாகக் கழற்றி, வீட்டு ஓவனில் வைத்துச் சூடாக்குவார். பசை இளகியதும் கண்ணாடியைப் பிரித்து, உள்ளே உருண்டை லென்ஸ் ஒன்றைப் பொருத்துவார். லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் தகடு வெளிச்சத்தின் தலையைச் சீவிவிடும். அப்புறம் சுவரில் கோட்டுக்குக் கீழே பட்டப்பகல், மேலே கும்மிருட்டு. அவர் வீட்டு ஓவனில் ரொட்டி வெந்ததைவிட ஹெட்லைட் வெந்ததுதான் அதிகம்.

சுவரின் பழைய சொந்தக்காரர் வெளியூரில் இருந்த புண்ணியவான். சுவர் இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. பிறகு வீடு கைமாறியது. வாங்கியவர்களுக்கு ஒரு மகன். லைட்டக்காவுக்கு ஒரு மகள். தெரு குறுகலானது. மேலே சொல்லத் தேவையில்லை. கல்யாணம் முடிந்ததும் எதிர்ச் சுவர் சம்பந்தி வீட்டுச் சுவர் ஆனது. அந்நியர் சுவரில் உரிமையோடு வெளிச்சம் அடித்தவர், உறவுக்காரர் சுவரில் அடிக்கக் கூச வேண்டியதாயிற்று. உறவு நெருங்கினால் இப்படித்தான்.

இருந்தாலும் சம்பந்தியம்மா பெரிய மனதோடு விட்டுவைத்திருந்தார். மகள் உண்டாகி, ஏழாம் மாதம் புழுக்கம் தாங்காமல் விசிறியும் கையுமாக உட்கார்ந்திருக்கும்வரை.

“சம்பந்தி, ஒரு விஷயம்” என்று ஒரு காலையில் அவர் கடை வாசலில் வந்து நின்றார். கடைக்குள் காலெடுத்து வைக்கமாட்டார், கிரீஸ் படும். “உங்க பொண்ணு ரூம்ல காத்தே இல்ல. அந்தச் சுவர்ல ஜன்னல் வைக்கப் போறோம்.”

லைட்டக்காவின் கையில் இருந்த ஸ்குரூ டிரைவர் கையிலேயே இருந்தது. அது ஒரு சாதனை.

“எந்தச் சுவர்ல?”

“ரூமுக்கு இருக்கிறது ஒரே வெளிச்சுவர்தானே! நீங்க கறுப்புக் கோடு போட்டு வச்சிருக்கீங்களே, அதேதான். புள்ள பொறந்தா, தொட்டில்ல படுத்துக்கிட்டு உங்க கஸ்டமர் லைட்டையா பார்த்துக்கிட்டு இருக்கும்? அதனால இந்த லைட்டு அடிக்கிற சோலியை வேற எங்கயாவது வச்சுக்குங்க.”

ஜன்னல் வேண்டாம் என்று சொல்லத் தாய் மனசுக்கு வாய் வராது. சுவரை விடத் தொழில் மனசுக்கு வராது. அந்தத் தெருவில் வேறு சுவர் இல்லை; மற்ற பக்கமெல்லாம் வாசலும் கடையுமாக இருந்தது. சுவர் போனால் கடையைத் தூக்கிக்கொண்டு ஊர்க்கோடிக்குத்தான் போக வேண்டும். மகளுக்கு நாள் நெருங்கும்போது கூப்பிடு தூரத்தில் இருக்க முடியாது.

லைட்டக்கா நிமிர்ந்தார். “ஜன்னல் வைங்க சம்பந்தி. தாராளமா வைங்க. என் லைட்டு ஒரு பொட்டு உள்ள வராது.”

“அதெப்படி வராம இருக்கும்? லைட்டு என்ன உங்க பேச்சைக் கேக்குமா?”

“என் பேச்சை என் வீட்டுக்காரர் கேக்க மாட்டார். லைட்டு கேக்கும்.”

“வந்துச்சுன்னா?”

“அன்னைக்கே கோட்டை அழிச்சுடறேன்.”

வாக்குக் கொடுத்தாயிற்று. கொத்தனார் வந்தபோது லைட்டக்காவே சாக்குக்கட்டியோடு போய் இடம் குறித்தார். அதிலும் சூட்சுமம் உண்டு. முன்விளக்கின் வெளிச்சம் நடைபாதைப் பக்கம் மட்டும் கொஞ்சம் மேலே ஏறும். நடந்து போகிறவர்கள் தெரிய வேண்டும் அல்லவா? எதிர் வண்டி வருகிற பக்கம் மட்டமாக நிற்கும். ஜன்னலை அந்த மட்டமான பக்கத்தில், கோட்டுக்கு நாலு விரல் மேலே வைக்கச் சொன்னார்.

“ஏம்மா, இவ்ளோ ஒட்டினாப்ல?” என்றார் கொத்தனார்.

“படுத்தா காத்து முகத்துல படணும்ல? என் பொண்ணு நின்னுக்கிட்டா தூங்குவா?”

ஜன்னல் வந்தது. காற்றும் வந்தது. மகள் முகம் தெளிந்தது. பரீட்சைக்கு ஒரு மாலை குறிக்கப்பட்டது.

இருட்டத் தொடங்கும் நேரம். ஜன்னலுக்கு உள்ளே, விளக்கை அணைத்துவிட்டு, சம்பந்தியம்மா நீதிபதிபோல நாற்காலி போட்டு அமர்ந்தார். பக்கத்தில் மகள். கடையில் ஒரு வாடிக்கையாளரின் கார். லைட்டக்கா சுவிட்சைத் தட்டினார். நீலம் தயங்கியது, வெள்ளை எழுந்தது. கோட்டில் வந்து நின்றது. கத்தரித்த துணிபோல ஓரம் அவ்வளவு நேர். ஜன்னலுக்குள் இருட்டு இருந்த இடத்திலேயே இருந்தது.

“அத்தை, பாத்தீங்களா எங்கம்மாவை!” என்று மகள் கை தட்டினாள்.

“ம்” என்றார் சம்பந்தியம்மா. அந்த ‘ம்’மைப் பிழிந்தால் பாதி பாராட்டு தேறும்.

விதி அந்த நேரத்தில் சரக்கு வேன் ஓட்டிக்கொண்டு வந்தது. ஓட்டியவர் லைட்டக்காவின் கணவர்.

லைட்டக்கா புருஷன் வண்டியில் மங்கல் விளக்கா என்று ஊர் கேலி செய்ததில் மனிதருக்கு ரோஷம். மனைவியிடம் சொல்லாமல் சந்தையில் தள்ளுபடியில் ஹெச்.ஐ.டி. பல்பு வாங்கி, பழைய கூட்டிலேயே செருகிவிட்டார். வழியெல்லாம் எதிர் வண்டிக்காரர்கள் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார்கள். என்ன மரியாதை, என்ன மரியாதை என்று அவரும் கையசைத்துக்கொண்டே வந்தார். மனைவியின் வெற்றியில் பங்கெடுக்க வேனைத் தெருவில் வளைத்து, சுவருக்கு நேரே நிறுத்தினார்.

தெருவே விடிந்தது. சுவர், ஜன்னல், அறை, கூரை, கூரையில் இருந்த பல்லி, எல்லாம் பட்டவர்த்தனம். சம்பந்தியம்மா கண்ணைப் பொத்திக்கொண்டு திரும்பினார். திரும்பிய இடத்தில், அறையின் கோடியில், சர்க்கரை வியாதிக்காரரான அவர் கணவர் நின்றிருந்தார். ஒரு கையில் ஜாம் பாட்டில். இன்னொரு கையின் விரல் வாயில்.

“என்னங்க இது?” என்றார் சம்பந்தியம்மா.

“மருந்து” என்றார் சம்பந்தி ஐயா, விரலை எடுக்காமல்.

அவரை அப்புறம் விசாரிப்பதாக நிறுத்திவைத்துவிட்டு, சம்பந்தியம்மா ஜன்னல் பக்கம் திரும்பினார். “சம்பந்தி! லைட்டு உள்ள வந்துடுச்சு.”

தெருவில் நின்றவர்கள் லைட்டக்காவைப் பார்த்தார்கள். இது என் கடை வேலை இல்லை, நான் மாட்டினதில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கோடு பிழைத்துவிடும். ஆனால் சம்பந்தி வீட்டாரும் பாதித் தெருவும் பார்த்துக்கொண்டிருக்க, புருஷனை ‘வெளியாள்’ என்று எழுதிக்கொடுக்கிற வேலை அவருக்குத் தெரியாது. வீட்டுக்குள்ளே என்றால் வேறு விஷயம்.

“எங்க வண்டிதான்” என்றார். “தப்பு எங்க மேலதான்.” ஈரத்துணியை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தார், கோட்டை அழிக்க.

“அம்மா, இருங்க!” என்றாள் மகள்.

“சொன்ன சொல்லும்மா. ஏங்க, அந்த லைட்டை முதல்ல அணைங்க. கோடு தெரியல.”

அவர் குனிந்து துணியை வைத்துத் தேய்க்கத் தேய்க்க, பல வருஷத்துப் பெயின்ட் லேசாகக்கூட அசையவில்லை. அதுவும் நல்ல பெயின்ட், அவர் வாங்கியது. மேலே ஜன்னலிலிருந்து சம்பந்தியம்மா அவருடைய உச்சந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். தோற்ற ஆள் சாக்குச் சொல்வாள், நாமும் நாலு வார்த்தை கேட்கலாம் என்று அவர் தயாராக வைத்திருந்ததெல்லாம் வீணாகிவிட்டது.

“போதும், சுவர் பாழாகுது” என்றார் கடைசியில். “அந்த வேனை உங்களால சரி பண்ண முடியுமா, முடியாதா?”

“முடியாதுன்னு யார் சொன்னா?”

“அப்ப நாளைக்கு அதையே கொண்டாந்து நிறுத்துங்க. அந்தப் பேய் லைட்டு உள்ள வராம இருந்தா, அப்புறம் எது வரப்போகுது? இன்னைக்கு வந்தது ஒரு நல்லதுக்குன்னு வச்சுக்கறேன்.” குரல் உட்பக்கம் திரும்பியது. “பாட்டிலை அங்கயே வைங்க. நான் இன்னும் முடிக்கல.”

அன்றிரவு வேனின் கண்கள் இரண்டும் ஓவனில் வெந்தன. கணவர் பக்கத்தில் நின்று, கேட்டதை எடுத்துக் கொடுத்தார். கேட்காததைப் பேசவில்லை, அவர் வாழ்க்கையில் அதுவும் ஒரு சாதனை.

மறுநாள் மாலை வேன் சுவரைப் பார்த்து நின்றது. லைட்டக்கா விளக்கின் பின்பக்கத் திருகாணியைக் கால் சுற்று திருப்பி, நிமிர்ந்து, “போடுங்க” என்றார். வெளிச்சம் எழுந்து கோட்டில் முட்டி நின்றது. நேற்று வெறிபிடித்து அலைந்த அதே பல்புதான். இன்று பள்ளிக்கூடப் பிள்ளைபோல வரிசையில்.

சம்பந்தியம்மா ஜன்னல் வழியே கையை வெளியே நீட்டினார். கை இருட்டில் இருந்தது. கொஞ்சம் இறக்கினார்; வளையல் ஜொலித்தது. ஏற்றினார், அணைந்தது. மறுபடி இறக்கினார். மறுபடி ஏற்றினார். பேரன் பேத்தி எடுக்கப் போகிற வயதில் அவர் இப்படி விளையாடுவதை மருமகள் பார்த்துவிட்டாள். ஆனாலும் கை நிற்கவில்லை.

அதன்பிறகு மாலை நேரங்களில் அந்த நாற்காலி ஜன்னலை விட்டு நகரவில்லை. மூன்றாம் நாள் ஒரு புது ஆள் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். லைட்டக்கா சரிபார்த்து முடிப்பதற்குள் எதிர் ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

“இடது கண்ணு ஒரு நூல் ஏறியிருக்கு சம்பந்தி!”

லைட்டக்கா பார்த்தார். ஏறித்தான் இருந்தது. திருகாணியைத் திருப்பினார்.

“யாருங்கக்கா அது, பெரிய ஆபீசரா?” என்றான் கார்க்காரன் தணிந்த குரலில்.

லைட்டக்கா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், ஜன்னலே பதில் சொன்னது: “தம்பி, கண்ட இடத்துல மாட்டி அடுத்தவன் கண்ணைக் கெடுக்காம, நேரா இங்க வந்தியே, நீ புத்திசாலி. இந்த ஊர்ல லைட்டுன்னா எங்க சம்பந்திதான்!”