சோறு தின்னாத மச்சான்

தென்காசியில் காலையில் தெருவில் இறங்கினால் எதிரே வருகிறவர் கேட்கிற முதல் கேள்வி, "சோறு தின்னாச்சா?" என்பதுதான். முட்டையும் ஆட்டுக்கறியும் சாப்பிட்டேன் என்று சொன்னால் கேள்வி தீராது. "அது கெடக்கட்டும், சோறு?" என்பார்கள். இல்லை என்றால் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வீட்டில் சண்டையா, உடம்புக்குச் சரியில்லையா என்று விசாரணை தொடங்கும். பினாங்கு நண்பர்களே, நம் தகப்பன்மார் சாகும்வரை 'நம்ம ஊரு, நம்ம ஊரு' என்று உருகினார்களே, அந்த ஊர் இதுதான். நான் வந்து இறங்கிய நாள் முதல் என் வயிற்றை இவர்கள் ஊர்ப் பொதுச்சொத்தாகவே நடத்துகிறார்கள்.

நான் ஏன் சோற்றை விட்டேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். என் அப்பாவுக்கு நீரிழிவு. சோற்றைக் குறைக்காவிட்டால் கால் போய்விடும் என்று பினாங்கு டாக்டர் சொன்னார். அப்பா சரி சரி என்று தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து தட்டு நிறையத் தின்றார். முதலில் விரல் போயிற்று, பிறகு பாதம், பிறகு அவரே போனார். அந்தக் காலைத் தினமும் கழுவிக் கட்டுப் போட்டவள் என் தங்கை உலகம்மை. வாளியைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றவன் நான். அதன்பின் சீனத் தெருவில் இருந்த உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தேன். அங்கிருந்த வாத்தியாரும் மாவும் அரிசியும் வேண்டாம், முட்டை, மீன், கறி, கீரை போதும் என்றார். எனக்கு அதில் எந்தக் கஷ்டமும் இருக்கவில்லை. சோற்றைப் பார்த்தாலே எனக்கு அந்த வாளிதான் ஞாபகம் வரும்.

தங்கைக்குச் சொந்த சனத்தில்தான் மாப்பிள்ளை பார்க்க வேண்டும் என்று அம்மா எங்களைக் கப்பலேற்றித் தானும் கூட வந்தாள். யுத்தம் வரும் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த சமயம். இரு முனையிலும் இரும்பு வட்டு மாட்டிய என் பார்பெல்லையும் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தேன். தென்காசி ரயிலடியில் போர்ட்டர் அதை மாட்டுவண்டி அச்சு என்று நினைத்து, "வண்டி பின்னாடி வருதா அண்ணாச்சி?" என்று கேட்டான். உடற்பயிற்சிக் கருவி என்று நான் விளக்கியதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்பம் மாடு?" என்றான். புறவாசலில் நான் அதைத் தூக்கும்போது சுவருக்கு மேலே தலைகள் வரிசையாக முளைக்கும். "நெல்லு மூடை தூக்குதவன் கூலி வாங்குதான். இவன் தூக்கித் தூக்கி அங்கனயே வைக்கான்" என்று சிரிப்பார்கள். இந்த ஊரில் என்னிடம் எதையும் கேட்காதது குற்றாலத்து அருவி ஒன்றுதான். அதனால் சாரல் காலத்தில் முடிந்தபோதெல்லாம் அங்கே ஓடிப்போய்விடுவேன்.

இலஞ்சியில் நல்ல இடம் அமைந்தது. பையன் பள்ளிக்கூட வாத்தியார், சாது. உலகம்மைக்கும் பிடித்திருந்தது. பேசி முடித்த அன்று அவர்கள் வீட்டில் இலை போட்டார்கள். அவியல், கூட்டு, பொரியல் எல்லாவற்றையும் வழித்துத் தின்றேன், மோர் குடித்தேன். சோற்றை மட்டும் ஓரமாக ஒதுக்கிவிட்டு எழுந்தேன். மாற்றிக்கொள்வதற்காக வைத்திருந்த வெற்றிலைத் தட்டை உள்ளே எடுத்துப் போய்விட்டார்கள்.

திரும்பும் வழியில், வில்வண்டியிலேயே, எங்களுக்காகச் சம்பந்தம் பேச வந்திருந்த பெரியப்பா வெடித்தார்.

"ஏலே, சம்மந்தி வீட்டுச் சோத்துல கை வைக்காம எந்திச்சிட்டியே! ஒனக்குக் கிறுக்கா?"

"கூட்டு, பொரியல் எல்லாம் சாப்பிட்டேனே, பெரியப்பா."

"கூட்டுக்கும் பொரியலுக்குமாலே ஒன்ன இலையில உக்கார வச்சான்? பொண்ணுக்கு அண்ணங்காரன் கை நனைச்சாத்தாம்லே சம்மந்தம். சோத்த ஒதுக்குனா, ஒங்க ஒறவே வேண்டாம்னு மூஞ்சிக்கு நேரா சொன்ன மாதிரி."

இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "இதப் போயி எவனாவது சொல்லிக் குடுப்பானா?" என்று அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். வாய் பேசாத ஒரு சட்டத்தை வைத்துக்கொண்டு, அதை மீறியவனை மட்டும் வாய் நிறையத் திட்டுகிற ஊர் இது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனால் போகட்டும், வேறு இடம் பார்ப்போம் என்று கத்தினேன். ஒருமுறை சம்பந்தம் முறிந்த பெண்ணை இனி யார் கேட்டு வருவார்கள் என்று அம்மா அழத் தொடங்கினாள். உலகம்மை அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் புறவாசலில் என் பார்பெல்லின் மேல் போய் உட்கார்ந்தாள்.

"இவ்வளவு இரும்பைத் தூக்குறியே அண்ணே, எனக்காக ஒரு கைப்பிடிச் சோறு தூக்க மாட்டியா?"

பெரியப்பா நடையாய் நடந்து சமாதானம் பேசினார். குற்றாலத்தில் அவர்கள் குடும்பத்தோடு குளிக்க வரும்போது சமையல் நடக்கும், எல்லோர் முன்னாலும் பெண்ணின் அண்ணன் சாப்பிட வேண்டும் என்று பதில் வந்தது. போனேன். மரத்தடியில் இலை விரித்து, மாப்பிள்ளையின் தகப்பனார் தன் கையாலேயே சோற்றை அள்ளி வைத்தார். சுற்றிலும் அவர்கள் சனம், ஈரத் துண்டோடு வேடிக்கை பார்க்க நின்றது. உங்களுக்கு வேண்டியது இதுதானே, இந்தா பாருங்கள் என்று தின்னத் தொடங்கினேன். போதும் என்றால் இலைக்கு மேல் கையை நீட்டி மறிக்க வேண்டும். நான் மறிக்கவில்லை. வைக்க வைக்கத் தின்றேன். பானையின் அடி தெரிந்தது, பெண்கள் மறுபடி உலை வைக்க ஓடினார்கள். அவர்கள் பட்டினி கிடந்து என்னைச் சபிக்கட்டும் என்றுதான் நினைத்தேன். மாப்பிள்ளையின் தகப்பனாரோ கண் கலங்கிப்போய் என் முதுகில் தட்டினார்.

"பாத்தீங்களா, எம்புட்டுப் பிரியம்! இப்படியொரு மச்சான் எவனுக்கு வாய்ப்பான்?"

நான் கோபத்தில் தின்றேன் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. அருவிக்குப் போகிற வழியிலிருந்த பாறைக்குப் பின்னால் போய் எல்லாவற்றையும் வாந்தி எடுத்தேன். அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்தது.

போன வாரம் இலஞ்சிக்குப் போயிருந்தேன். உலகம்மை புடவைக் கட்டு மாறி, பேச்சு மாறி, இவர்களில் ஒருத்தியாக இருந்தாள். இலை போட்டுச் சோறு வைத்தாள். சுற்றிலும் யாருமில்லை, உள்ளே நாங்கள் இருவர் மட்டும்தான். இனி எதற்கு இந்த வேஷம் என்று இலைக்கு மேல் கையை நீட்டி மறித்தேன்.

"எனக்கு வேண்டாம், உலகு. அப்பாவை நினைச்சுப் பாரு."

அவள் கரண்டியை இறக்கவில்லை. "அது அங்கன நடந்தது. எங்க வீட்டுக்கு வந்துட்டுக் கை நனைக்காமப் போனா, எங்க மாமா என்ன நெனப்பாக?"

எங்க வீடு, எங்க மாமா. அம்மா என்றுமே இந்த ஊர்ப் பக்கம்தான்; இங்கே எனக்கென்று இருந்தவள் உலகம்மை ஒருத்திதான். அவளையும் இந்தச் சோற்றைத் தின்றுதான் இவர்களிடம் கொடுத்தேன். கையை எடுத்துச் சோற்றில் வைத்தேன். அவள் வாசல் பக்கம் திரும்பி, வெளியே உட்கார்ந்திருந்த மாமனாருக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்:

"எங்க அண்ணன் சாப்பிடுதாக, மாமா."