மூடலாமா என்று கேட்காத புரோகிராம்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரேயொரு கணினியை வைத்து ஒருவர் அச்சு எடுக்கவும் வெளிநாட்டுக்குப் பேசவும் கடை நடத்தினார். ஒல்லியான மனிதர். கம்பளித் தொப்பி காதுவரை இறங்கியிருக்கும். அந்தப் பழைய கணினியில் வெளிநாட்டு அழைப்பு வந்தால் குரல் உடைந்து உடைந்துதான் கேட்கும். அதனால், அழைப்பு வந்ததும் திறந்திருக்கும் மற்ற எல்லாவற்றையும் தானாகவே மூடிவிடும் புரோகிராம் ஒன்றை அவரே எழுதி வைத்திருந்தார்.

ஒரு மாலை என் வகுப்புப் பிள்ளைகளுக்கான வினாத்தாளை அச்சிடப் போயிருந்தேன். மூடுபனி வாசல்வரை வந்து நின்றது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து வந்த ஓர் அம்மா, லெபனானில் வீட்டு வேலை செய்யும் மகளின் அழைப்புக்குக் காத்திருந்தார். கடைக்காரர் மதியத்திலிருந்து ஏதோ கதை எழுதிக்கொண்டிருந்தார். திடீரென்று திரையில் இருந்தவையெல்லாம் பனிக்குள் போவதுபோல ஒவ்வொன்றாக மறைந்தன. "அம்மா, நல்லா இருக்கியா?" என்ற குரல் தெளிவாகக் கேட்டது. அவர் நாற்காலியை அந்த அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்தார்.

"எழுதினது போயிருச்சே! மூடலாமான்னு ஒருதரம் கேக்கிற மாதிரி செஞ்சிருக்கலாமே?" என்றேன்.

"கேட்டா, கொஞ்சம் பொறுன்னு சொல்லிருவேனுங்க சேர். அந்தப் புள்ளைக்கு வெளிய வந்து பேசக் கெடைக்கிறதே அபூர்வம்."

உள்ளே தாயும் மகளும் சிரித்தார்கள். அவர் கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கதை எதைப் பற்றியது என்று நான் கேட்கவேயில்லை. பனி இறங்கும் மாலைகளில் அதை நானே யோசித்துப் பார்க்கிறேன்.