ஏழு படங்கள்தான் அனுப்பினார்கள்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். இது எனக்கு நடந்தது. இந்த ஜூலையில், இங்கே வளைகுடாவில், முசஃபாவில், பட்டப்பகலில்.

ஓவியங்களைப் பாதுகாத்து அனுப்பும் கம்பெனியில் எனக்கு வேலை. ஒரு பிரெஞ்சுக் குடும்பம் ஏழு படங்கள் அனுப்பியிருந்தது. ஒவ்வொரு தலைமுறையும் ஓவியரை வரவழைத்துக் குடும்பத்தோடு வரைய வைத்தவை. அவற்றைப் பார்த்து, யார் யாருக்குப் பிள்ளை என்று நான் வம்சாவளி எழுத வேண்டும். விவரமெல்லாம் படத்தின் பின்பக்கம் பழைய பிரெஞ்சுக் கையெழுத்தில் இருந்தது. அந்தக் கிறுக்கலை ஃபோனில் இருக்கும் மொழிபெயர்ப்பு ஆப்பாலும் படிக்க முடியவில்லை.

மேனேஜர் உமாபதி அண்ணா புதுச்சேரிக்காரர், பிரெஞ்சு படிப்பார். இந்த வேலையை வாங்கித் தந்தவரே அவர்தான். வந்த புதிதில் நானும் என் வீட்டுக்காரர் ராஜீவும் இரண்டு மாதம் அவர் வீட்டில்தான் சாப்பிட்டோம். கூடப் பிறந்தவராகவே நினைத்தேன்.

நான் படமெடுத்து அனுப்புவேன், அவர் ஃபோனில் படித்துச் சொல்வார். கடைசி வரியை மட்டும் எப்போதும் விட்டுவிடுவார்.

"அது என்னண்ணா?"

"வரைஞ்சவன் பேரும்மா. உனக்கு வேண்டாம்."

எல்லாப் படத்திலும் வலது ஓரத்தில், குடும்பச் சாடையே இல்லாத ஒருவர், படத்துக்கு ஒரு ஆள், கையில் காகிதத்தோடு நிற்பார். வேலைக்காரராக இருக்கும் என்றார் அண்ணா. சரி என்று விட்டுவிட்டேன்.

மதியம் 12:40. வெயிலுக்காக வெளிவேலை நிறுத்தும் நேரம். குடோனில் ஏசி சத்தம் மட்டும்தான். ஏழாவது படத்தை லென்ஸில் பார்த்தேன். அந்தக் காகிதத்தில் ஒரு வம்சாவளி இருந்தது.

நான் எழுதியது.

ஆன்ரி என்பவரை மகனுக்குப் பதில் தம்பியாகத் தப்பாகப் போட்டிருந்தேன். படத்திலும் அதே தப்பு. என் தாளில் பென்சிலால் திருத்தினேன். நிமிர்ந்தேன்.

படத்திலும் திருத்தியிருந்தது...

தொட்டுப் பார்த்தேன். கையுறையில் பழுப்பு நிறம் ஒட்டியது. நூறு வருடப் பெயின்ட்... ஈரம்.

12:52. அண்ணாவைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"அண்ணா, படம் ஈரமா இருக்கு."



"பேரெல்லாம் எழுதி முடிச்சிட்டியா?"

"ம்."

"அப்ப சரி." வைத்துவிட்டார்.

டக்...

பின்னால் ஒரு பெட்டி திறந்திருந்தது. எட்டாவது பெட்டி. லிஸ்டில் ஏழுதான்.

முதுகைக் காட்டி ஒரு படம். எங்கள் வேலையில் முதலில் பின்பக்கத்தைத்தான் ஃபோட்டோ எடுப்போம். கை தானாக எடுத்தது.

பிறகு திருப்பினேன்.

சோபாவில் அதே குடும்பச் சாடையில் நாலு பேர். வலது ஓரத்தில் காகிதத்தோடு ஒரு பெண்.

அன்று நான் போட்டிருந்த பச்சைச் சுடிதார்.

கையுறை. அதில் பழுப்புக் கறை.

மூச்சு விட்டாள்...

ஓடினேன்.

வெளியே நிழலில் உட்கார்ந்திருந்த ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் கார்மேகம் தண்ணீர் கொடுத்தார். 1:10க்கு அவரோடு உள்ளே போய்ப் பார்த்தேன். ஏழு பெட்டிதான் இருந்தது. அந்தக் குடும்பத்துக்கு மெயில் போட்டுக் கேட்டேன். எட்டாவது படமே கிடையாது என்றார்கள். ஆனால் நான் எடுத்த ஃபோட்டோ ஃபோனில் இருந்தது.

அல் ஐனில் ஒரு பிரெஞ்சு ஆசிரியையிடம் எல்லாக் கடைசி வரிகளையும் காட்டினேன். அவர் படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. ஏழிலும் ஒரே வாசகம், பெயரும் வருடமும்தான் வேறு. "இந்த வம்சாவளியை எழுதியவர் இன்னார். எழுதிய வருடமே இறந்தார்."

அந்த ஏழு வரியையும் அண்ணா படித்திருக்கிறார். படித்துவிட்டுத்தான் அடுத்ததை எடும்மா என்றிருக்கிறார். பேய்மேல்கூட எனக்குக் கோபமில்லை. அவர் வீட்டில் சாப்பிட்ட சோற்றை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

எட்டாவதில் எழுதியவர் பெயர் முதலில் உமாபதி என்றிருந்தது. அதைக் கோடு போட்டு அடித்துவிட்டு மேலே நளினி என்று என் பெயரை எழுதியிருந்தது. என் லீவு ஃபாரங்களில் நான் நாலு வருடமாகப் பார்க்கும் அண்ணாவின் அதே கையெழுத்து.

வருடம், இந்த வருடம்தான். இன்று நவம்பர் பதினேழு.